விளையாட்டில் மூட்டும் தசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடுவது, எறிவது, தாவுவது, சட்டென்று திரும்புவது எல்லாமே எலும்பு, மூட்டு, தசை, நரம்பு நான்கும் சேர்ந்து செய்யும் வேலை. அதைப் பற்றி விளையாடுபவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் ஒரு சாய்வு இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வேகத்தைக் கூட்டும் தசைகளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வேகத்தைப் பிடித்து நிறுத்தும் தசைகள் மேல்தான் கண்.

தசை எப்படி எலும்பை அசைக்கிறது?

இழுத்துத்தான். தசைக்கு வேறு எதுவும் தெரியாது. கயிற்றைக் கொண்டு ஒரு பொருளை இழுக்கலாம், தள்ள முடியாது, தசையும் அப்படித்தான். தசையின் முனைகள் தசைநாண் வழியாக எலும்புகளில் பிடித்திருக்கின்றன. ஒரு முனை மூட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் மறுமுனை அந்தப் பக்கம். தசை சுருங்கியதும் இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன, மூட்டு மடங்குகிறது.

அப்படியென்றால் தண்டால் எடுக்கும்போது தரையைத் தள்ளுகிறோமே, அது? அதுவும் இழுப்புதான். மேற்கையின் பின்புறம் இருக்கும் ட்ரைசெப்ஸ், முழங்கை முனையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைப் பின்னாலிருந்து இழுக்கிறது. அதனால் கை நிமிர்கிறது. மார்புத் தசை மேற்கை எலும்பை உள்பக்கம் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சேர்ந்து வெளியே தள்ளலாகத் தெரிகிறது.

தசைகள் ஏன் ஜோடி ஜோடியாக இருக்கின்றன?

தள்ளத் தெரியாத காரணத்தால்தான். மடக்க ஒன்று, நிமிர்த்த ஒன்று வேண்டும். மேற்கையின் முன்புறத்து பைசெப்ஸுக்கு எதிரே ட்ரைசெப்ஸ், தொடையின் முன்தசைக்கு எதிரே ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தசை. ஒன்று சுருங்கும்போது எதிர்த் தசையைத் தளரச் சொல்லும் ஏற்பாடு தண்டுவடத்திலேயே இருக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புச் செல்களின் வேலை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்பவரைக் கவனியுங்கள். நீச்சலோ பேட்மின்டனோ, உடம்பை விறைத்துக்கொண்டு ஆடுவார், பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். இரண்டு பக்கத் தசையும் ஒரே நேரத்தில் இழுத்து ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதுதான் காரணம். பழகப் பழக, வேண்டாத தசை வேண்டாத நேரத்தில் விட்டுக்கொடுக்கக் கற்கிறது. நல்ல ஆட்டக்காரர் அலட்டிக்கொள்ளாமல் ஆடுவதாகத் தெரிவது இதனால்தான்.

சுருங்கும்போது தசைக்குள் என்ன நடக்கிறது?

தசை இழைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் இடைவிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. நரம்பிலிருந்து சைகை வந்ததும் உள்ளே கால்சியம் வெளியாகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பிடிக்கின்றன. எந்த இழையின் நீளமும் குறைவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் மொத்தத் தசையும் குறுகுகிறது. 1954-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்து நேச்சர் இதழில் ஒன்றாக வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி. இருவரும் உறவினர்கள் இல்லை!

ஆட்டக்காரருக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இழைகள் போதிய அளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் நடு நீளத்தில்தான் தசைக்கு அதிக பலம். முழுக்க நீண்டிருந்தாலும் முழுக்கக் குறுகியிருந்தாலும் பலம் குறையும். இரண்டு, வேகமாகக் குறுகும்போது பிடித்து இழுக்க நேரம் போதாது, அதனால் விசை குறையும். உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் 1938-ல் இதை ஒரு சமன்பாடாகவே எழுதிவிட்டார். கனமான பளுவை வேகமாகத் தூக்க முடியாததற்கும், வெறுங்கையை எவ்வளவு வீசினாலும் பலம் காட்ட முடியாததற்கும் காரணம் ஒன்றே.

எந்த மூட்டு எதற்கு?

தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். எல்லாப் பக்கமும் அசையும், சுழலும். முழங்கை கீல் மூட்டு. மடங்கும், நிமிரும், அவ்வளவுதான். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புவது முழங்கையின் மடக்கல் இல்லை, முன்கையின் இரண்டு எலும்புகள் ஒன்றைச் சுற்றி ஒன்று திரும்புவது. சுழல்பந்து வீச்சாளரின் பிழைப்பே அதில் இருக்கிறது. மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள சிறு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக வழுக்கும்.

முழங்கால் தனி ரகம். பார்க்கக் கீல் மூட்டு. ஆனால் மடங்கியிருக்கும்போது சற்றே சுழலவும் செய்யும். முழுக்க நிமிரும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு லேசாக வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது தொடைத் தசை அதிகம் உழைக்காமல் இருப்பது இந்தப் பூட்டினால்.

தோள் நழுவுகிறது, இடுப்பு நழுவுவதில்லையே?

இடுப்பில் கிண்ணம் ஆழம்; பந்து உள்ளே நன்றாக அமர்ந்திருக்கும். தோளில் கிண்ணம் ஆழமில்லாதது, பந்தின் ஒரு பகுதிதான் அதில் படும். கை தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் போக வேண்டுமானால் இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். தோளைப் பிடித்துவைத்திருப்பது ஓரளவு ஜவ்வு, பெரும்பாலும் தோள்பட்டையைச் சுற்றியிருக்கும் நான்கு சிறு தசைகள். ரொட்டேட்டர் கஃப் என்று பிசியோதெரபிஸ்ட்கள் சொல்வது இவற்றைத்தான். கண்ணாடியில் தெரியாத தசைகள் என்பதால் ஜிம்மில் யாரும் சீண்டுவதில்லை.

நெம்புகோல் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

முழங்கையை 90 டிகிரி மடக்கி 5 கிலோ டம்பெல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பைசெப்ஸ் முன்கை எலும்பில் பிடித்திருக்கும் இடம் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில். டம்பெல்லோ ஏறத்தாழ 35 செ.மீ. தொலைவில். தூரம் 7 மடங்கு, ஆகவே தசை இழுக்க வேண்டியதும் 7 மடங்கு: 35 கிலோ எடைக்கு இணையான விசை. முன்கையின் சொந்த எடை தனி.

இது நஷ்ட வியாபாரம் மாதிரி தெரியும். ஆனால் தசை 1 செ.மீ. குறுகினால் கை 7 செ.மீ. நகர்கிறது, அதே நேரத்துக்குள். பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறது உடம்பு. கை கால்களில் பெரும்பாலான தசைகள் இப்படித்தான் மூட்டுக்கு மிக அருகில் பிடித்திருக்கின்றன. மட்டை, ராக்கெட், ஹாக்கிக் கம்பு எல்லாம் அந்த நெம்புகோலை இன்னும் நீட்டுபவை.

தசை சுருங்கினால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

இல்லை, இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தசை குறுகிக்கொண்டே இழுக்கலாம், நீளம் மாறாமல் இழுத்துப் பிடிக்கலாம், நீண்டுகொண்டே போகும்போதும் இழுக்கலாம். டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்கும்போது பைசெப்ஸ் நீள்கிறது, ஆனாலும் விடாமல் இழுக்கிறது. இல்லாவிட்டால் டம்பெல் தொப்பென்று விழுந்திருக்கும். படியிறங்கும்போது தொடை முன்தசை செய்வதும் இதே பிரேக் வேலை.

நீண்டுகொண்டே இழுக்கும்போது தசையால் அதிக விசை தாங்க முடியும். தூக்க முடியாத எடையைக்கூட மெதுவாக இறக்கிவிடலாம். அதற்கு ஆகும் சக்தியும் குறைவு. இதற்கெல்லாம் சேர்த்து மறுநாள் வட்டி கட்ட வேண்டும்.

மறுநாள் வலிப்பது லாக்டிக் அமிலத்தாலா?

இல்லை. உழைப்பின்போது சேரும் லாக்டிக் அமிலம், சரியாகச் சொன்னால் லாக்டேட், ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்குப் போகும் வலிக்கு அதைக் குறை சொல்ல முடியாது. பழக்கமில்லாத பிரேக் வேலையால் தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முயற்சியும்தான் காரணம். மலையேறிவிட்டு வந்தவருக்கு, இறங்கும்போது பிரேக் போட்ட தொடைதான் வலிக்கும். அதே வேலையை ஓரிரு வாரத்தில் மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும்.

தாவும் முன் ஏன் சற்றுக் குனிகிறோம்?

செய்து பாருங்கள். முதலில், முழங்காலை மடக்கிக் குந்தினாற்போல் நின்று, மூன்று விநாடி அசையாமல் இருந்துவிட்டு மேலே தாவுங்கள். அடுத்து, நிமிர்ந்து நின்று, சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த உடனேயே தாவுங்கள். இரண்டாவதில் சில செ.மீ. கூடுதலாக எழும்புவீர்கள்.

சட்டென்று தாழும்போது உடம்பின் கீழ்நோக்கிய வேகத்தை நிறுத்த தொடைத் தசைகள் பிரேக் போடுகின்றன. அதனால் மேலே கிளம்பும் நொடியிலேயே அவை முழு விறைப்பில் இருக்கின்றன. அசையாமல் நின்று கிளம்பும்போது அந்த விறைப்பை உண்டாக்கவே பாதித் தாவல் கழிந்துவிடும். கூடவே, இழுபட்ட தசைநாண் சேமித்த சக்தியைத் திருப்பித் தருகிறது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் இந்த வேலை நன்றாகத் தெரியும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு விசை அதில் ஏறுகிறது. அது நீண்டு, மீண்டும் சுருங்கி, நம்மை முன்னே தள்ளுகிறது. தசை ஏறக்குறைய நீளம் மாறாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

உச்ச வேகத்தில் ஓடும் ஒருவரின் கால் தரையில் படும் நேரம் ஏறத்தாழ 0.1 விநாடி. ஒரு தசை தன் முழு விசையை எட்ட அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். ஆகவே பாதம் தரையைத் தொடும் முன்னரே, காற்றில் இருக்கும்போதே, கால் தசைகள் விறைத்துத் தயாராகிவிடுகின்றன. தரையில் பட்டபிறகு யோசிக்க நேரமில்லை.

எறிவதற்குக் கைப் பலம்தானே வேண்டும்?

கை கடைசி ஆள். ஈட்டி எறிபவரைப் பாருங்கள். ஓடி வந்து, முன்காலை நேராக ஊன்றி, தன் ஓட்டத்தைத் தானே நிறுத்துகிறார். காலும் இடுப்பும் நின்றதும் உடலின் மேற்பகுதி முன்னே பாய்கிறது. இடுப்பு திரும்பி மெதுவாகும்போது மார்பு வேகமெடுக்கிறது. மார்பு மெதுவாகும்போது தோள். பிறகு முழங்கை, மணிக்கட்டு. ஒவ்வொரு பகுதியும் நிற்கும் நேரத்தில் தன் வேகத்தை அடுத்ததற்குக் கைமாற்றுகிறது. அடுத்தது எடை குறைந்தது என்பதால் அதன் வேகம் இன்னும் கூடுகிறது. பேட்மின்டன் ஸ்மாஷ், டென்னிஸ் சர்வ், கால்பந்தில் ஓங்கி உதைப்பது எல்லாவற்றிலும் இதே வரிசைதான். வரிசை குலைந்தால், எத்தனை பலம் இருந்தாலும் பொருள் போகாது. தோள் முந்திக்கொண்டு விட்டால் காலிலிருந்து வந்த வேகம் வீண்.

இதில் முன்காலின் பங்கை எவ்வளவு சொன்னாலும் தகும். வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போல் 5 மடங்கு அளவுக்கு விசை அதன் வழியே ஏறுகிறது. அந்த முழங்கால் தளர்ந்து மடங்கினால் பந்தின் வேகமும் தளர்ந்துவிடும். நிறுத்தத் தெரிந்தவர்தான் எறிகிறார் என்பேன்.

பொருள் கையை விட்டுப் போனபிறகும் வேலை முடிந்துவிடாது. பேஸ்பாலில் பந்தெறிபவரின் தோள் சுழலும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு விநாடியில் 19 முழுச் சுற்று. அந்தக் கையை அடுத்த கணமே நிறுத்த வேண்டியது தோளின் பின்புறத்துச் சிறு தசைகள். மார்புத் தசையை மட்டும் வளர்த்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால், எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய பிரேக்கோடு போவதுதான்.

கிரிக்கெட்டில் 15 டிகிரி விதி எந்த மூட்டைப் பற்றியது?

முழங்கையைப் பற்றியது. பலரும் நினைப்பதுபோல், கை மடங்கியிருக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை. பந்துவீசும் கை கிடைமட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும்வரை முழங்கை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. மடங்கிய கை மடங்கியபடியே வந்தால் குற்றமில்லை.

நிமிர்வதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? மேலே சொன்ன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முழங்கையும் நிமிர்ந்தால் வரிசையில் ஒரு கண்ணி கூடுகிறது. பந்துவீச்சு எறிதலாக மாறிவிடுகிறது. சரி, பூஜ்யம் டிகிரி என்று வைத்துவிடலாமே என்றால், முடியாது. வேகமாகச் சுழலும் கையில் முழங்கை கொஞ்சம் அசையத்தான் செய்யும். அதிவேகக் கேமராக்கள் வந்தபிறகு, சுத்தமான வீச்சு என்று பெயரெடுத்தவர்களிடமும் சில டிகிரி நிமிர்வு தெரிந்தது. அதனால்தான் 2005 முதல் எல்லா வீச்சாளர்களுக்கும் 15 டிகிரி வரை நிமிரலாம் என்று ஐசிசி வைத்தது.

பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று குற்றம் சாட்டப்பட்ட இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, மடங்கிய கை தோளில் சுழலும்போது நிமிர்வதுபோலவே படும். முழங்கையை இறுக்கிப் பிடிக்கும் உறுதியான பட்டையைக் கட்டிக்கொண்டும் அவர் வீசிக் காட்டினார், அப்போதும் பந்து அதேபோல் திரும்பியது. தோளும் மணிக்கட்டும் செய்த வேலையைப் பார்த்தவர்கள் முழங்கையின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதரை வைத்து இவ்வளவு காலம் வாதாடியதில், உடலியல் கொஞ்சம் கற்றுக்கொண்டோம் என்பது ஒன்றுதான் லாபம்.

ஓடும்போது ஹாம்ஸ்ட்ரிங் ஏன் பிடித்துக்கொள்கிறது?

அது இரண்டு மூட்டைத் தாண்டிச் செல்லும் தசை. மேலே இடுப்பு, கீழே முழங்கால். முழு வேகத்தில் கால் முன்னே வீசப்படும்போது, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இடுப்பு மடங்கி முழங்கால் நிமிர்கிறது. இரண்டு முனையிலும் ஒரே சமயம் தசை நீட்டப்படுகிறது. அந்த நேரத்தில்தான் முன்னே பறக்கும் கீழ்க்காலை அது பிடித்து நிறுத்தவும் வேண்டும். பெரும்பாலான கிழிசல்கள் இந்தக் கணத்தில்தான்.

மருந்தும் அங்கேயே இருக்கிறது: நீளும்போது தாங்கும் பயிற்சி. முழங்காலிட்டு நின்று, கணுக்கால்களை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மிக மெதுவாக முன்னே சாய்வது நோர்டிக் பயிற்சி. இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கின்றன. இரண்டு முறை செய்தால் மறுநாள் நடக்கவே திண்டாடுவீர்கள், கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

யாரும் இடிக்காமலே முழங்கால் ஜவ்வு கிழிவது எப்படி?

முழங்காலுக்குள் குறுக்காகப் போகும் இரண்டு ஜவ்வுகளில் முன்னது, ஏசிஎல் என்று செய்திகளில் வருவது, ஏறத்தாழ 3 செ.மீ. நீளம். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் தப்பாகச் சுழலாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. ஓடிவந்து திசை மாற்றும்போதோ தாவி இறங்கும்போதோ, அதிகம் மடங்காத முழங்கால் உள்பக்கம் சரிந்து திருகிக்கொண்டால், உடம்பின் மொத்த வேகமும் அதன்மேல் விழுகிறது. பாதம் தரையைத் தொட்டு 0.05 விநாடிக்குள்ளேயே காரியம் முடிந்துவிடும். ஆபத்து என்று நரம்பு சொல்லி தசை இழுப்பதற்கு அந்த நேரம் போதாது.

ஆகவே முன்கூட்டிப் பழகுவதைத் தவிர வழியில்லை. முழங்காலை மடக்கி, அது பாதத்தின் நேர்மேலே இருக்கும்படி, சத்தமில்லாமல் இறங்கப் பழக வேண்டும். கால்பந்துக்காக உருவான ஃபிஃபா 11+ என்ற 20 நிமிடப் பயிற்சியில் இதெல்லாம் இருக்கிறது. பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது, அவர்களுடைய பயிற்சியில் இதற்கு நேரம் ஒதுக்காதது அலட்சியம்.

வேகமான இழை, மெதுவான இழை என்பது பிறவியிலேயே அமைந்ததா?

கணிசமான பகுதி அப்படித்தான். மெதுவான இழைகள் விசை குறைந்தவை, லேசில் களைக்காதவை. மாரத்தான் ஓட்டக்காரர்களின் காலில் நிறைந்திருக்கும். வேகமானவை குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் அதிகம். சிறிய வேலைக்கு மெதுவானவற்றை மட்டும் நரம்பு கூப்பிடுகிறது, தேவை கூடக்கூட வேகமானவற்றைச் சேர்க்கிறது. எனவே வேகமான இழைகளுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் கனமாகத் தூக்க வேண்டும், அல்லது முழு மூச்சாக ஓட வேண்டும். மெல்லோட்டத்தில் அவை பெரும்பாலும் எழுந்து வராது.

100 மீட்டரில் கடைசியில் ‘வேகமெடுத்து’ ஜெயிப்பது எப்படி?

யாரும் வேகமெடுப்பதில்லை. 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோது 60 முதல் 80 மீட்டர் வரையான பகுதிக்கு 1.61 விநாடி, கடைசி 20 மீட்டருக்கு 1.66. உலக சாதனையிலேயே வேகம் குறைந்திருக்கிறது. மற்றவர்கள் அதைவிட அதிகமாகத் தளர்வதால் அவர் சீறிப் பாய்வதுபோல் தெரிகிறது.

தசை பெருக்காமல் பலம் கூடுமா?

கூடும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பின் கைவரிசை. அதிக இழைகளைக் கூப்பிடவும், அடிக்கடி சைகை அனுப்பவும், எதிர்த் தசையைத் தளரவிடவும் கற்றுக்கொள்கிறது.

வார்ம்-அப் உண்மையில் என்ன செய்கிறது?

தசையைச் சூடாக்குகிறது. செலவாகும் சக்தியில் ஏறத்தாழ கால்வாசிதான் அசைவாகிறது, மீதி வெப்பம். சூடான தசை வேகமாகச் சுருங்கும், வேகமாகத் தளரும். மூட்டில் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தமும் விடுப்புமாக அசையும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்கு உணவு. ஆட்டத்துக்கு முன் ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்பது மட்டும் வேண்டாம், தசையின் விசை சற்று நேரத்துக்குக் குறைகிறது. அதை ஆட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

விரலில் நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

தேயாது. மூட்டுத் திரவத்தில் வாயுக் குழி உண்டாவதால் வரும் சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-ல் அவருக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால் கதை வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் ஏன் திரும்பத் திரும்ப மடங்குகிறது?

வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டுத் தளர்ந்திருப்பது பாதிக் காரணம். மீதி, தகவல் கோளாறு. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் ஜவ்விலும் தசையிலும் இருக்கின்றன. காயத்துக்குப் பிறகு அந்தத் தகவலும் அதற்கேற்ற எதிர்வினையும் பிசகுகின்றன. பாதம் உள்பக்கம் மடங்கத் தொடங்கும்போது அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கீழ்க்காலின் வெளிப்பக்கத் தசைகள் தாமதமாக விழிக்கின்றன.

வலி போனதும் எல்லாரும் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறமும் சில வாரம் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத் தொடருங்கள். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு மூடிக்கொண்டு, பிறகு நின்றபடியே பந்தைப் பிடித்து எறிந்து. கண்ணை மூடியதும் கணுக்கால் இரண்டு பக்கமும் நடுங்குவது தெரியும். அந்தத் தசைகள் வேலையை மறுபடி கற்றுக்கொண்டிருக்கின்றன.